ஸ்கிப்பரும் சாமியும்

பெர்த்தில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் முடிந்து எல்லோரும் பப்புக்குப் போனோம். கூட விளையாடும் லியம், இன்றைக்கு நீதான் ஸ்கிப்பரா என்று கேட்டான். நான் அடித்ததோ நாலே ரன். ஆனாலும் கேப்டன் பதவி தேடி வந்தால் போடிக்காரன் வேண்டாம் என்பானா? ஆமாம் என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. உடனே கார் சாவி என் கைக்கு வந்தது. அவர்களுக்கு பீர், எனக்கு எலுமிச்சை சோடா. ஒரு வாய் குடித்துப் பாரேன் என்று ஒருவரும் நச்சரிக்கவில்லை. பிறகுதான் விளங்கியது: இங்கே ஸ்கிப்பர் என்றால், அன்றைக்குக் குடிக்காமல் மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிறவன். என்னிடம் லைசென்ஸே இல்லை என்றதும் மேசையே குலுங்கிச் சிரித்தது. டாக்சி பிடித்தோம்.

எனக்கோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி தலைகால் புரியவில்லை. இளவட்டம் குடியிலிருந்து தப்ப மனஉறுதி மட்டும் போதாது. ஊரே ஒத்துக்கொள்கிற ஒரு வார்த்தை வேண்டும்! எங்கள் போடியில் அந்த வார்த்தை, ஐயப்பன் மாலை. என் சேக்காளி சரவணன், ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டுகிறவன். ஏலக்காய் விலை ஏறினால் சந்தோஷத்துக்கு ஒரு கட்டிங், இறங்கினால் வருத்தத்துக்கு ஒரு கட்டிங் என்று கூட்டாளிகள் விடமாட்டார்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் மட்டும் அதே ஆட்கள் ‘சாமி’ என்று ஒதுங்கி நிற்பார்கள். போன வருடம் மாலையைக் கழற்றிய மறுவாரமே, போதையில் ஜீப்பைச் சரிவில் இறக்கிவிட்டான். நல்லவேளை, வெறும் வண்டி. மரம் ஒன்று தடுத்தது.

இந்த வருடம் அவன் சபரிமலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றியதும் போன் போட்டு என் கண்டுபிடிப்பைக் கொட்டினேன்.

“வண்டி ஓட்டணும்னு சொல்லிரு மாப்ளே, விட்ருவாய்ங்க.”

“வருசம் பூரா வண்டிதான்டா ஓட்டுறேன். எவன் விட்டான்?”

காற்றுப் போன டியூப் ஆனேன்.

அடுத்த வாரம் காலையில் பஸ்சில் உட்கார்ந்தபடி மறுபடி அழைத்தேன். அவன் போனை எடுத்தது, அவன் ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகும் பாண்டியம்மா அக்கா. பெண்கள் எல்லோருமாக அவன் கூட்டாளிகளிடம் ஜீப்பு ஸ்டாண்டிலேயே சொல்லிவிட்டார்களாம்: கழுத்தில் மாலை இல்லாவிட்டாலும் எங்களுக்கு இவன் சாமிதான், இவன்மேல் குடிவாடை வந்த அன்றைக்கு ஜீப்பிலிருந்து அத்தனை பேரும் இறங்கிவிடுவோம் என்று. அன்றிலிருந்து யாரும் கிளாசை நீட்டுவதில்லையாம். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அவனிடம் கொடுங்கள் என்றேன்.

“சாமி வண்டி ஓட்டுது, பேசாது. நீ ஒஞ் சோலியப் பாரு அப்பு.”

போனில் அக்காவுக்குப் பின்னால் யாரோ, வளைவு வருது, பிடிச்சுக்கங்கடி என்றார்கள். பெர்த் பஸ்சு நேர்ச்சாலையில்தான் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்து, பக்கத்து சீட்டுக்காரர் தோள்மேல் சாய்ந்திருந்தேன்.