ராசாத்தி சித்தியின் ஆகாயத்தாமரைத் தட்டு

எங்கள் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கல்லெறிந்துதான் பார்க்க வேண்டும். நான் எறிந்தேன். கல் மிதந்தது. அவ்வளவு ஆகாயத்தாமரை.

அந்தச் செடியை வைத்துச் சோறு தின்கிற ஒரே ஆள் என் சித்தி ராசாத்தி. இருபது வருடம் திருச்செங்கோட்டில் விசைத்தறி ஓட்டியவர். இரவு ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் குணசீலனின் பிளாஸ்டிக் பட்டறைக்கு வந்தார். அங்கே பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனத் தட்டு வார்க்கிறார்கள். அதில் ஆகாயத்தாமரை நாரைக் கலந்தால் பிளாஸ்டிக் மிச்சம், தட்டும் விறைப்பாக நிற்கும் என்று ஒரு காலேஜ்காரர் சொல்லிவிட்டுப் போனார். தண்டை வெட்டி, காயவைத்து, அரைப்பது சித்தி. சலிப்பது பத்தாவதில் கோட்டை விட்ட நான்.

மூன்று தடவை வார்த்தார்கள். மூன்று தடவையும் தட்டு முழுக்க அம்மை போட்டதுபோல் குமிழி. கையால் அழுத்தினாலே பொடுக்கென்று உடைந்தது. குணசீலன் நல்ல மனுசர், திட்ட மாட்டார். வெள்ளிக்கிழமை வார்ப்பதும் உடைந்தால் நார் வேலையை நிறுத்திவிடுவதாக மட்டும் சொன்னார். நிறுத்தினால் சித்திக்குத் திரும்பவும் இரவு ஷிப்ட் தறிதான். அன்றைக்கு அவர் சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

சித்தியிடம் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று உண்டு. மெஷினுக்குப் போகும் நார்மேல் கோயில் தீர்த்தம்போலத் தெளித்துவிடுவார். தறியில் நூல் காய்ந்தால் அறுந்துவிடும், ஈரம் இருந்தால்தான் தாங்கும். இருபது வருடக் கை அது. தெளிப்பதை அவர் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவரைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாமென்று அந்தப் பாட்டிலை ஒளித்துவைத்தேன். சித்தி சிரிக்கவில்லை. சாக்கு சாக்காக உதறித் தேடினார். மெஷின் சூடேறிவிட்டது, குணசீலன் அவசரப்படுத்தினார். நார் அப்படியே உள்ளே போனது.

வந்த தட்டில் ஒரு குமிழி இல்லை. குணசீலன் அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நின்றார். அவர் லேசான ஆளும் இல்லை. தட்டு லேசாக வளைந்து, அவர் இறங்கியதும் நிமிர்ந்தது.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க தம்பி. பாட்டலைக் காணோம், தண்ணி தெளிக்காமயே போட்டுட்டேனுங்க."

குணசீலன் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ஈரம்தான் சூட்டில் ஆவியாகிக் குமிழி விட்டிருக்கிறது. சித்தியின் முகம் சுண்டிப்போனது.

"அப்ப மூணு தடவையும் நாந்தான் கெடுத்தேனுங்களா?"

"அத உடுங்கக்கா. திங்கக்கிழமைக்கு ரெண்டு மூட்டை நார் வேணும். மொறுமொறுன்னு காஞ்சிருக்கோணும்."

நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"நீதான் ஒளிச்சயா சாமி?"

தலையாட்டினேன். சித்தி அந்தப் பாட்டில் தண்ணீர் முழுவதையும் என் தலைமேல் தெளித்துக் காலி செய்தார். பிறகு தூக்கைத் திறந்து, முதல் வாய்ச் சோற்றை என்னிடம் நீட்டினார்.