கடைசி வரியில் நின்ற வண்டி

சென்ற வாரம் எங்கள் அஸ்தம்பட்டித் தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் உறுப்பினர் பட்டியலை எனக்கு அனுப்பிவைத்தார். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. கணினியோடு பல்லாண்டு வாழ்ந்தவன் என்பதால் அன்று. பிழையைக் கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான் என்று தெரு முழுதும் பெயர் வாங்கியவன் என்பதால். லினக்ஸ் ஓடும் என் பழைய மடிக்கணினியில் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பெயரின் வாலிலும் ஒரு கூரைக் குறியும் எம் என்ற ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசிப் பெயருக்கு மட்டும் வால் இல்லை.

செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "எங்க சிஸ்டத்துல நல்லாத்தான சார் தெரியுது? உங்க லேப்டாப்தான் பழசாயிருச்சு" என்றார். பழசானது உண்மை. பழுது அதில் இல்லை.

தொலைபேசியை வைத்ததும், நண்பரே, நம்புவீர்களோ மாட்டீர்களோ, தட்டச்சு நாடாவின் மை வாசம் அடித்தது. பட்டப்படிப்பை முடித்த கையோடு சேலத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தேன். அந்த இயந்திரத்தின் இடப்பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கும். வரி முடிந்ததும் அதைத் தள்ளினால் இரண்டு வேலைகள் நடக்கும்: உருளை தொடக்கத்துக்குத் திரும்பும்; தாள் ஒரு வரி மேலேறும். எங்கள் ஆசிரியர் ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பு. "கடைசி வரி முடிஞ்சா கைய எடுத்துரணும். வெத்துக்குத் தள்ளக் கூடாது" என்பார். தள்ளினால் மரச்சட்டத்தால் விரல் கணுவில் ஒரு தட்டு. பட்டதாரியின் விரலுக்கும் அதே தட்டுதான். கடைசி வரி முடிந்ததும் கையை எடுத்துவிடுவது எனக்கு அப்படித்தான் பழக்கமாயிற்று. அதுவே பின்னாளில் என் மானத்தோடு விளையாடும் என்று அன்று தெரியாது.

அந்த இரண்டு வேலைகளையும் கணினிகள் மரபாகப் பெற்றன. டாஸ் வகை இயந்திரத்தில் எண்டர் தட்டினால் 'திரும்பு', 'கீழே போ' என்று கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் கோப்பில் விழும். யூனிக்ஸ் வகை இயந்திரம் 'கீழே போ' ஒன்றே போதும் என்று இருந்துவிடும். அவரவர் வீட்டில் அவரவர் வழக்கம் சரிதான். ஒரு வீட்டில் எழுதியதை மற்ற வீட்டுக்கு எடுத்துப் போகும்போதுதான் சங்கடம். 'திரும்பு' என்ற குறி அங்கே வேண்டாத விருந்தாளி. வரியின் கடைசி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். செயலாளரின் கணினி டாஸ் வழி வந்தது, என் லினக்ஸ் யூனிக்ஸ் வழி; அந்தக் கூரையும் எம்மும் இந்த விருந்தாளிதான்.

நாமக்கல்லில் ஒரு லாரி உரிமையாளர் சங்கத்தில் வேலைக்கு இருந்தேன். பெயர் வேண்டாம். டீசலும் கிரீஸும் பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் புகையும் சட்டையை விட்டுப் போகவே போகாத இடம். அங்கே 'முறை' என்று ஒன்று உண்டு. திடலுக்கு முதலில் வந்த வண்டிக்கு முதல் லோடு. அப்பனே ஆனாலும் முறை தாண்ட முடியாது. காகிதச் சீட்டில் நடந்த அந்த முறையை யூனிக்ஸ் கணினிக்கு மாற்றியவன் நான். திடலுக்கு வந்த வண்டிகளின் எண்களை, வந்த வரிசையில், முன்மேசையில் பதிவார்கள். லோடு வந்ததும் இயந்திரம் அந்த வரிசையை உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் உள்ளவர்களில் முதலில் வந்தவரின் எண்ணைச் சொல்லும். ஓராண்டு ஒரு குறையும் இல்லை.

பிறகு தலைவர் அய்யண்ணன் தம் அறைக்கு டாஸ் வகைக் கணினி ஒன்று வாங்கினார். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். புதியவர்கள் சிலர் சேர்ந்திருந்ததால் உறுப்பினர் பட்டியலை அந்த இயந்திரத்திலேயே புதிதாக அடித்தேன். கடைசியாகச் சேர்ந்தவர் எருமப்பட்டி ராசு. என் மனைவியின் அண்ணன். கடைசி வரியில் அவர் வண்டி எண்ணை அடித்தேன். கையை எடுத்தேன். பிளாப்பியில் ஏற்றி யூனிக்ஸ் இயந்திரத்தில் போட்டேன்.

மறுநாள் காலை குவஹாத்திக்கு ஒரு லோடு வந்தது. அப்படி ஒரு நெடுந்தூர லோடு வந்து பல வாரம் ஆகியிருந்தது. திடலில் இருபது வண்டிகள். முதல் வண்டி சேலத்து பஷீர் பாயுடையது. வந்து மூன்று நாள். ராசுவின் வண்டி அன்று காலைதான் உள்ளே நுழைந்திருந்தது. இயந்திரம் ராசுவின் எண்ணைச் சொன்னது. முன்மேசைக்காரர் வண்டியை அனுப்பிவிட்டார். அடுத்த லோடுக்குக் கேட்டபோது, திடல் நிறைய வண்டி நிற்க, 'வண்டி இல்லை' என்றது.

பஷீர் பாய் நேராக என் மேசைக்கு வந்தார். "சாரே, மூணு நாளா இங்க கெடந்து கொசுக்கடி வாங்குறது நானு. குவாத்தி போறது உங்க மச்சானா? மெஷினுக்குக்கூட சொந்தபந்தம் தெரியுதே!" திடலே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

தலைவர் என்னைத் தனியே அழைத்தார். "ஏனுங்க சாமி, தப்பு நடந்துபோச்சு, இனிமே நடக்காதுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துப்போடுங்க. மினிட்டு புஸ்தகத்துல ஒட்டி, பேச்ச முடிச்சுப்போடலாம்."

"எழுத மாட்டேனுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

காரணத்தைப் பிடிக்க மாலையாகிவிட்டது. திரையில் எண்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. கடைசியில், ஒவ்வொரு எண்ணிலும் எத்தனை எழுத்து என்று இயந்திரத்தையே கேட்டேன். ஒன்பது எழுத்து எண்களுக்கெல்லாம் பத்து என்றது. ராசுவின் எண்ணுக்கு மட்டும் ஒன்பது. நான் எண்டர் தட்டாத ஒரே வரி. மற்ற எண்களின் வாலில் 'திரும்பு' ஒட்டியிருந்ததால், முன்மேசையில் பதிந்த எண்களோடு அவை பொருந்தவில்லை.

மறுநாள் கூட்டத்தின் முன் பஷீர் பாயிடம் கேட்டேன்: "பட்டியலில் கடைசியாக யார் வண்டியைப் போடட்டும்?"

"என் வண்டியவே போடுங்க, பாக்கலாம்."

ஹாலுக்குக் கொண்டுவந்திருந்த டாஸ் இயந்திரத்தில் அவர் எண்ணைக் கடைசி வரிக்கு மாற்றி, எண்டர் தட்டாமல் கையை எடுத்தேன். பிளாப்பியை அவர் கையிலேயே கொடுத்து யூனிக்ஸ் இயந்திரத்தில் போடச் செய்தேன். லோடு யாருக்கு என்று கேட்டேன். பஷீர் பாயின் எண் வந்தது. ராசு உட்பட வேறு ஒருவரும் பட்டியலில் இல்லை என்றது இயந்திரம். பிறகு டாஸ் இயந்திரத்தில் அவர் எண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை எண்டர் தட்டி மறுபடியும் காட்டினேன். 'வண்டி இல்லை.'

பஷீர் பாய்தான் முதலில் வாய் திறந்தார். "அப்போ ரெண்டு நிமிசம் நானும் உங்க மச்சானா இருந்திருக்கேன்! சொல்லியிருந்தா சீர் வாங்கியிருப்பேனே சாரே." ஹால் மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு.

தலைவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "எல்லாஞ் செரிதானுங்க. இருந்தாலும் ஒரு கடுதாசி இருந்தா நாளப்பின்ன யாரும் பேச மாட்டாங்க பாருங்க." புதிய இயந்திரத்தின் பட்டியலைச் சோதிக்காமல் ஏற்றியது என் குறை, அதை அந்தக் கூட்டத்திலேயே நின்று சொன்னேன். முறையை மாற்றினேன் என்று பொருள்படும் ஒரு சொல்லையும் எழுத மாட்டேன் என்றும் சொன்னேன். என் கடிதத்தை ஒட்டுவதற்கென்று மினிட்டுப் புத்தகத்தில் அவர் அரைப்பக்கம் விட்டிருந்தார். நான் வேலையை விட்ட நாள்வரை அது வெறுமையாகவே இருந்தது. ஆண்டுதோறும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வேன். நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியான மனிதன். அன்று மாலை ராசு எங்கள் வீட்டுக்கு ஒரு பூவன் தாரோடு வந்தார். வண்டியை டிரைவரோடு அனுப்பிவிட்டு, ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். "மாப்ள, நமக்குன்னு பண்ணுனீங்க பாருங்க, அத எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டனுங்க" என்றார். குறிகளைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். "ஆமாங்க, ஆமாங்க. வெளிய அப்பிடித்தான் சொல்லோணும்." தாரைத் திருப்பிக் கொடுத்தேன். மனைவி மூன்று நாள் பேசவில்லை.

இப்போது அந்தத் திடலில் கார் விற்பனைக் கூடம் நிற்கிறது. லோடு கைப்பேசியில் வருகிறது. முந்தித் தொட்டவருக்கு லோடு. முறை என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. பிளாப்பி போயிற்று. மினிட்டுப் புத்தகம் எந்தக் கரையானுக்குப் போயிற்றோ. அய்யண்ணன் இல்லை. பஷீர் பாயும் இல்லை. கடைசிவரை என்னை எங்கே கண்டாலும் "மச்சான்" என்றுதான் கூப்பிட்டார். இக்காலத்துக் கணினிகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக் கோப்பையும் ஒன்றுபோலவே திறந்துவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் அந்த ஒட்டிய குறிதான் என் சாட்சி. அதைக் கண்ணால் கண்டவர்களில் ராசு ஒருவர்தான் இன்று மிச்சம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியிலும் சம்பந்திகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கு மொத லோடு, குவாத்திக்கி, முறையத் தாண்டி எடுத்துக் குடுத்தவரு இவருதானுங்க." எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

செயலாளருக்குப் பட்டியலை வாலறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். புதுக் கணினி வாங்கச் சொல்கிறார், வாங்கப் போவதில்லை. ஒட்டியிருப்பதை ஒட்டியிருக்கிறது என்று சொல்லும் இயந்திரம் என்னிடம் இது ஒன்றுதான். ராசுவுக்காகவும் அந்தப் பந்திக்காகவும் இதை எழுதினேன். கடிதம் என்று யாரும் இதை எங்கும் ஒட்ட வேண்டாம். கடைசி வரி இது. கையை எடுக்கிறேன்.