தைமஸ் இல்லாத எலியும் நானும்

அன்று கம்பி வலையில் இரண்டு சுண்டெலிகள் தொங்கின. நான் விட்டது ஒன்று.

மைசூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் விலங்கறையில் இருபது வருடமாக எலிகளைப் பராமரிக்கிறேன். வலையை இடது கையில் தூக்கித் தலைகீழாகப் பிடித்தால் எலி நான்கு காலாலும் பற்றிக்கொண்டு தொங்கும். கீழே உமி மெத்தை. எத்தனை நொடி தாங்குகிறதோ அதுதான் அதன் தசையின் வலு. கண்ணைக் கசக்கினேன். இரண்டும் அப்படியே இருந்தன. ஒரு கண்ணை மூடியதும் ஒன்று மறைந்தது. மாலைக்குள் வலது இமை தானாகவே இறங்கிவிட்டது.

நரம்பியல் டாக்டரம்மா இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தார். கைகள் மெல்ல இறங்கின, வேறு யாருடையவையோ போல. நொடி எண்ணப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை உறுதிசெய்தது: மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை தசையைச் சேரும் இடத்தை நம் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்). காலையில் தெம்பு இருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்தச் சோரும், ஓய்வெடுத்தால் திரும்பும். மாத்திரை தொடங்கிய அன்றே இமை ஏறியது. அடைத்த ஜன்னலைத் திறந்தது போல இருந்தது.

பிறகு ஸ்கேன். தைமஸ் (நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி) பெருத்திருந்தது. எடுத்துவிட்டால் நோய் தணிய நல்ல வாய்ப்பு என்றார் டாக்டர். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை.

காரணம் என் விலங்கறையின் கடைசி அடுக்கில் இருந்தது. ரோமமே இல்லாத, இளஞ்சிவப்பு எலிகள். ஒரு மரபணு பழுதானதால் தைமஸ் இல்லாமல் பிறந்தவை. வடிகட்டிய காற்றும் கிருமி நீக்கிய தீனியும் தராவிட்டால் சாதாரணக் கிருமியே கொன்றுவிடும். ஒருமுறை ஒரு கூண்டின் மூடியை நான் சரியாக அழுத்தவில்லை. அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதே மரபணு மனிதனிடமும் உண்டு. நம் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு எலியிடம் இணை இருக்கிறது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். தைமஸை எடுத்த பிறகு எனக்கு எந்தக் கூண்டு, எந்த மூடி?

மூன்று மாதம் ஓட்டினேன். சப்பாத்தியை மென்றால் தாடை ஓய்ந்தது. ராகிக் களியை மெல்ல வேண்டாமே, விழுங்கினால் போதுமே என்று அதற்கு மாறினேன். ஒரு மதியம் களி பாதி வழியில் நின்றது. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேச்சு மூக்கிலேயே கரைந்துவிட்டதால் கணவர்தான் பேசினார். அவருக்கு மைசூர் ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை, பிறந்தது தமிழக எல்லையோர ராமாபுரம்.

"இவ எலியப் பாத்துப் பயந்துக்கறாளுங்க, டாக்டரம்மா."

"இருபது வருஷமா எலி வளக்கறவங்களா?"

"பூனைகூட அத்தனை எலியப் பாத்திருக்காதுங்க. அந்த மொட்டை எலியாட்டம் தானும் செத்துப்போயிருவேன்னு நெனைக்கறா. ஏம்புள்ள, அதுதான?"

தலையசைத்தேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மைசூரிலேயே வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலக்கும்.

"நோடிம்மா, இங்க பாருங்க, தைமஸ்ங்கறது ரத்த அணுக்களோட ஸ்கூல். எது நம்ம உடம்பு, எது கிருமின்னு அங்கதான் கத்துக்கும். உங்க எலிக்கு அந்த ஸ்கூலே கிடையாது. உங்க அணுக்கள் சின்ன வயசுலயே படிச்சு முடிச்சு வேலைக்குப் போயாச்சு. இப்ப கட்டடத்தைத்தான் எடுக்கறோம். படிச்சது எங்க போகும்?"

"நான் ஏழாவதோட நின்னவனுங்க. எனக்கே ஒண்ணும் ஆகல" என்றார் கணவர்.

சிரித்தேன். இந்த நோயில் உதட்டோரம் ஏறாது. சிரிப்பு சீறலாகத்தான் தெரியும்.

"இது சம்மதமா, கோபமா?" என்றார் டாக்டர்.

கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணியிருந்தது, மனம் கோணவில்லை. எலிக்கும் எனக்கும் உள்ள ஒற்றுமையை மனப்பாடமாக வைத்திருந்தேன். அது எதை இழந்தது என்று பார்த்தேனே தவிர, எப்போது இழந்தது என்று பார்க்கவில்லை.

முதலில் பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்திலிருந்து தாக்கும் பொருள்களைப் பிரித்தெடுப்பது). விழுங்குதல் திரும்பியதும் அறுவை. அதன் பலன் உடனே வராது, மாதக்கணக்கில் மெல்ல வரும். எங்கள் எலிக்குஞ்சு மூன்று வாரத்தில் தாய்ப்பால் மறந்துவிடும். எனக்கு ஒரு முழுச் சப்பாத்தியை மென்று முடிக்க ஏழு மாதம் ஆனது. இப்போது என் நாள் மணிகளால் ஆனதல்ல. தெம்பு, சோர்வு, மீண்டும் தெம்பு.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. டாக்டரிடம் "பயமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எதைப் பார்த்துப் பயந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் மூன்று மாதம் தாமதித்துச் சொன்னேன். அதுவும் கணவர் வாயால்.

போன வாரம் மறுபடி வலையைத் தூக்கித் திருப்பினேன். ஒரே ஒரு எலி தொங்கியது. வால் ஆடியது, விரல்கள் வெளுத்தன. பிடி விட்டது. உமியில் விழுந்து மீசையை உதறிக்கொண்டு தீனியைத் தேடிப் போனது. நொடியை எழுதினேன்.

அப்புறம்தான் கவனித்தேன். வலையைப் பிடித்த என் கை இன்னும் உயரத்திலேயே இருந்தது.