குளத்து மூடிக்கு அடியில்

இது நடந்தது. ஒஹாயோவில், லோர்னாவின் வீட்டுப் பின்புறத்தில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். லோர்னா இன்றுவரை இதில் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

விவாகரத்துக்குப் பிறகு, போன இலையுதிர் காலத்தில்தான் அவள் அந்த வீட்டை வாங்கினாள். அப்போதே நீச்சல் குளத்தைக் குளிர்காலத்துக்காக மூடி வைத்திருந்தார்கள். எட்டு வயது மகள் ஹேசல் அரிசோனாவில் அப்பா டுவைட்டிடம் வளர்ந்தாள். இரண்டு கோடையாக அம்மாவிடம் வர மறுத்தவள், இந்த மே மாதம் தொலைபேசியில், "குளம் திறந்துட்டா வர்றேன்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக லோர்னா குளத்தை என்ன, ஏரியையே கழுவியிருப்பாள்.

உதவிக்குத் தம்பி கிளின்ட் வந்தான். மூடியின் மேல் தேங்கிய மழைத்தண்ணீரைச் சின்ன பம்பு வைத்து இறைத்தார்கள். அழுகிய இலைகளை வாரிக் கொட்டினார்கள். தண்ணீர் வற்ற வற்ற, மூடியின் நடுவே ஒரு புடைப்பு தெரிந்தது.

"என்னடா அது?"

"காத்துத் தலையணைக்கா. தண்ணி உறைஞ்சு சுவரு வெடிக்காம இருக்க மூடிக்கு அடியில வைப்பாங்க. உன் பழைய புருஷன் மாதிரி... உள்ள வெறும் காத்துதான்."

"வாயை மூடிட்டு வேலையப் பாருடா."

துடைப்பத்தோடு ஏணிப் பக்கம் போனாள் லோர்னா. திரும்பிப் பார்த்தபோது புடைப்பு நடுவில் இல்லை. ஏணிப் பக்கம் வந்திருந்தது. அவள் காலடியில்.

"கிளின்ட், அது நகருது."

"நாப்பது வயசுல பேய் பயமா? ஹேசல் வரட்டும், சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன்."

துடைப்பக் கம்பால் மெல்ல அழுத்தினாள். உள்ளே அமுங்கியது. பிறகு கம்பைத் திருப்பித் தள்ளியது. மெதுவாக... டொப்... டொப்...

இருவரும் சேர்ந்து மூடியை இழுத்தார்கள்.

அடியில் தலையணை இல்லை. எதுவுமே இல்லை.

தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணாடி போல இருந்தது. தரையின் ஒவ்வொரு ஓடும் தெரிந்தது.

கிளின்ட் குனிந்து அடிவரை பார்த்தான். "யோகக்காரிக்கா நீ" என்றான் கடைசியில். சிரிப்பு வரவில்லை அவனுக்கு. பம்பைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்குப் போனான்.

குளிர்காலத்துக்காகக் குளத்துச் சுவரின் குழாய் வாயில் செருகியிருந்த ரப்பர் அடைப்பைக் கழற்ற வேண்டும். லோர்னா குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் கையை விட்டாள். குளிர் எலும்பைக் கடித்தது. அடைப்பு அசையவில்லை. தண்ணீரில் அவள் கை மட்டும்தான் தெரிந்தது.

அப்போது...

அவள் விரல்மேல் இன்னொரு கை படிந்தது.

சின்னது. கண்ணுக்குத் தெரியவில்லை. அவளோடு சேர்ந்து திருகியது.

சூடாக இருந்தது.

லோர்னா யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஹேசல் வருகிறாள். மகள் வேண்டும் அவளுக்கு.

ஹேசல் வந்தாள். தண்ணீரை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்றாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "அம்மா, நான் அப்பாகிட்டத் திரும்பிப் போகல. அவன்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன்" என்றாள்.

"யார்கிட்ட?"

"குளத்துல இருக்கிறவன்கிட்ட. இருட்டுல தனியாவே கிடந்தானாம். இனிமே தனியா இருக்க மாட்டானாம்."

லோர்னா பக்கத்து வீட்டு க்வென்னிடம் ஓடினாள்.

"வீட்டை வித்தவங்க உங்கிட்ட சொல்லலையா?" என்றாள் க்வென். "அவங்க பையன் அந்தக் குளத்துலதான் மூழ்கிச் செத்தான். அப்புறம் பனி கொட்டினாக்கூட அந்தம்மா குளத்த மூட விட்டதில்ல. பிள்ளைக்கு இருட்டுன்னா பயமாம். வீட்டை விக்கணும்னுதான் போன வருஷம் மூடினாங்க. அன்னிக்கு அந்தம்மா போட்ட சத்தம்... இன்னும் என் காதுல இருக்குடி."

அன்று மாலையே ஹேசலை விமானத்தில் ஏற்றினாள் லோர்னா. காரணம் சொல்ல முடியவில்லை. என்னவென்று சொல்வாள்?

"நான் இருக்கேன்னுதானே சொன்னேன்? நீதான் வேண்டாங்கற" என்றாள் ஹேசல். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து டுவைட் கூப்பிட்டான். அங்கே பாலைவனத்து வெயில். மூன்றாவது மாடி வீடு. பக்கத்தில் எங்கேயும் குளம் கிடையாது.

"இவ படுக்கை தினமும் நனைஞ்சு கிடக்கு, லோர்னா."

"பயந்திருப்பா. சின்னப் பிள்ளைதானே..."

"அது இல்ல. வெறும் தண்ணி. குளோரின் நாத்தம்."

லோர்னா ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு... இவ சுவரோரமா ஒதுங்கித்தான் தூங்கறா. இவ பக்கம் காஞ்சிருக்கு. ஈரம் அந்தப் பக்கம்தான்."