சாமிக்கு நின்ற பஸ்

அன்பர்களே, பெற்ற மகனை ரோட்டிலிருந்து அள்ளியவன் நான். முருகேசனுக்கு அப்போது ஏழு வயது.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக டில்லி ரோடுகளை அகலமாக்கிய சமயம். எட்டாம் வகுப்போடு திருநெல்வேலியை விட்டு ஓடி, பம்பாய், நாக்பூர் என்று எங்கும் தரிக்காமல் அலைந்த நான், லோதி ரோடு பக்கம் ஓர் அலுவலக கேன்டீனில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கடப்பதற்கு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அதில் ஆள் கால் வைத்தால் வண்டி நிற்க வேண்டும் என்பது சட்டம். முருகேசன் கோட்டின் மேல்தான் நடந்தான். பஸ் நிற்கவில்லை.

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகத் தெரியாதா?" என்று போலீஸ்காரர் இந்தியில் என்னைத்தான் திட்டினார். கோட்டைக் காட்டினேன். "அச்சா, அது பெயின்ட்தானே" என்றார். கொஞ்ச நாளிலேயே அந்த டிரைவர் அதே ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

இளையவள் செல்விக்கும் அதே பள்ளிதான். என் மனைவி பேச்சியம்மாள் அவளை வாசல் தாண்ட விடவில்லை. "ஒண்ண வாரிக் குடுத்தாச்சு. இவளையும் அந்தப் பஸ்ஸுக்குப் போடணுமாக்கும்? படிச்சது போதும்."

நேரே பக்கத்து முருகன் கோயிலில் போய் நின்றேன். "முருகா, ஒன் பேரத்தானே வச்சேன். பாத்துக்கிட்டு நின்னியே! மிச்சப் பிள்ளையளையாவது தாண்ட விடு" என்று அழுதேன்.

பங்குனி உத்திரத்தன்று சாமி புறப்பாடு அதே இடத்தில் ரோட்டைக் கடந்தது. மேளச் சத்தம் கேட்டதும் எல்லா வண்டியும் நின்றது. முதல் பஸ்ஸில் அதே டிரைவர். கைகூப்பித் தலை குனிந்தான். எனக்குப் பக்தி வரவில்லை, வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் நான் கேட்டதற்குப் பதில் புரிந்தது.

மறுநாள் காலை முருகன் படத்துக்கு மாலை போட்டு, நெஞ்சோடு அணைத்து, மணி அடித்தபடி கோட்டில் இறங்கினேன். பஸ் நின்றது. பின்னாலேயே பிள்ளைகள் கடந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பேச்சி செல்விக்குச் சடை பின்னி அனுப்பினாள். போலீஸ்காரர் சிரித்தார்: "அரே மதராசி, உன் பகவான் டிராஃபிக்ல எப்ப சேர்ந்தார்?"

பனி மூடிய ஒரு காலையில் பால் லாரி ஒன்று வேகமாக வந்தது. செல்வியைத் தள்ளிவிட்டேன். பிள்ளைகள் அக்கரை சேர்ந்தார்கள். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. விழுந்து கிடந்தபடியே லாரிக்காரன் போலீஸிடம் சொன்னதைக் கேட்டேன்: "பனியில சாமி படம் தெரியலை சாப். வெறும் ஆளுங்கன்னு நினைச்சேன்."

பிள்ளைகள் தாண்ட வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். என் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதை முருகன் குறையில்லாமல் கொடுத்தான். அதன் பிறகு அங்கே சிவப்பு விளக்கு வந்தது. செல்வி இப்போது பத்தாம் வகுப்பு. கட்டையை ஊன்றி இன்றும் காலையில் அங்கேதான் நிற்கிறேன். வேறு ஊர் தேடவில்லை.

நீங்களும் அவனிடம் கேளுங்கள், கொடுப்பான். கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நம் பிள்ளைக்கு நிற்காதவன் அவனுக்கு நிற்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வாருங்கள்.