கரடி உடுப்பும் பாரீஸ் பயணமும்

எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஏதாவது கேட்டால் வாய் திறப்பதற்கு முன் தலை ஆடிவிடும். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் "புரியுதா?" என்று கேட்பார். ஒன்றும் புரியாமலே ஆட்டுவேன். அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. பாரீஸ் போகலாம் என்று என் மகன் சொன்ன அன்றும் அப்படித்தான் ஆட்டினேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மகன் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறான். சாப்பிடும்போதும் போன் அடிக்கும். கப்பல் வெளியே நிற்கிறது, உள்ளே வருகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். மருமகள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நாசரேத் பக்கம் அவளுக்கு. வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் ஆட்களில் இது புதிதில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. அதைப்பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பயணம் அவள் ஆசை. பாரீஸில் நாலு நாள் ஊர் சுற்றிப் பார்ப்பது, பிறகு பக்கத்தில் இருக்கிற ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் இரண்டு நாள். பிள்ளைகளுக்கான பூங்கா. கோட்டை, ராட்டினம், கதைகளில் வருகிற பொம்மைகள் எல்லாம் உண்டு. சொந்தக்காரி ஒருத்தி கேள்விப்பட்டு, "அங்கன போயி யாரை ராட்டினத்துல ஏத்தப் போற?" என்று போனில் கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மருமகள் நிதானமாக, "என்னையத்தான் சித்தி" என்றாள்.

என்னையும் கூட்டிப்போவது மகன் முடிவு. "அப்பா முப்பது வருஷம் ஹார்பர்ல நின்னு கப்பலைப் பார்த்தாரே ஒழிய ஒண்ணுலயும் ஏறல. நீயாவது வெளிநாடு பாரு." என்னைத் தனியாக விட்டுப்போக அவனுக்கு மனமில்லை என்பதும் உண்டு. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, கறிவேப்பிலை வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் எங்கே போனாய் என்பான்.

சாப்பாட்டு மேசையில் மருமகள் நோட்டை விரித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், சிவப்பு மையில். "காலாண்டு லீவுலதான் எனக்கு முடியும். அத்தை, அந்தத் தேதியில கோயில் விசேஷம் ஏதும் இருக்கா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். நாலு வருடத்துக்கு முன் கொரோனாவில் மகன் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தான். உள்ளே யாரையும் விடவில்லை. மருமகளும் நானும் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அவள் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். நான் குலசை அம்மனிடம் பேசினேன். குலசேகரன்பட்டினத்து தசராவுக்கு எங்கள் பக்கத்தில் வேஷம் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். காப்புக் கட்டி, காளியாகவோ குறத்தியாகவோ குரங்காகவோ வேஷம் போட்டு, வீடு வீடாகத் தர்மம் எடுத்து அம்மன் உண்டியலில் போடவேண்டும். பணக்காரர், ஏழை வித்தியாசம் கிடையாது. என் பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால் நானும் வேஷம் போட்டு ஏழு வீட்டில் கையேந்துகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். கரண்டு மீட்டர் பார்க்க ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிறவள் நான். கொடுப்பதற்கு அதைவிடக் கஷ்டமானது என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அவன் பிழைத்து வந்தான். நான் வேஷம் போடவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று நாலு தசரா போய்விட்டது. இது தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெரு தசராக் குழுவை நடத்துகிற மளிகைக் கடை அண்ணாச்சி. வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு சாயங்காலம் மருமகள் போனில் அந்தப் பூங்காவின் படத்தைக் காட்டினாள். பெரிய காதும் உருண்டைக் கையுமாக ஒரு பொம்மை நின்றது. பெரிய ஆட்கள்கூட வரிசையில் நின்று அதைக் கட்டிப்பிடித்தார்கள். வரிசை நகர நகர மருமகளின் முகம் அவளிடம் படிக்கிற பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"உள்ள ஆளு இருக்கா?" என்றேன்.

"இருக்கும் அத்தை. ஆணா பொண்ணான்னே தெரியாது. வாயே திறக்கக் கூடாதாம். அதுதான் அங்க சட்டம்."

அன்று முழுதும் அது என்னைவிட்டுப் போகவில்லை. முகம் தெரியாது, பேச வேண்டாம். அப்படி ஒரு வேஷம் நம் ஊரிலும் உண்டே! சணலுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றித் தைத்த கரடி உடுப்பு, தலைக்குமேல் கவிழ்க்கிற அட்டை முகம். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? மறுநாள் காலையில் பருப்பு வாங்கப் போகிற மாதிரி அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"கரடி உடுப்பு இருக்கா அண்ணாச்சி?"

அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு எக்கா? ஒங்களுக்கா? நாலு வருசமா அடுத்த வருசம்னுல்லா சொல்லுதிய!"

"இந்த வருசம் போட்டுருதேன்."

"அப்ப இன்னைக்கே பேரை எழுதிருதேன்." சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிக் கொடியேற்றத்தையும் பத்தாம் நாள் சூரசம்ஹாரத்தையும் விரல் வைத்துக் காட்டினார். பள்ளிக்கூட லீவு ஏறக்குறைய ஒரே தேதியில் வரும். அம்மன் நாள் பிறையைப் பார்த்து வருவது. போன வருடம் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் சூரசம்ஹாரம் நடந்தது. அதே நினைப்பில் இந்த வருடமும் லீவுக்குப் பின்னால்தான் என்று இருந்துவிட்டேன். காலண்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கொடியேறி ஐந்தாம் நாள் எங்கள் விமானம்.

"காப்புக் கட்டிக்கிட்டு நடுவுல வெளியூர் போவலாமா அண்ணாச்சி?"

"எந்த ஊருக்கு?"

"தூரம்."

"நம்ம குழுவுல அது கிடையாது எக்கா. சம்ஹாரம் முடிஞ்சு காப்பு அவுக்குத வரைக்கும் ஊரு எல்லை தாண்டக் கூடாது." பருப்பைக் கட்டிக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்து, "உடுப்ப எடுத்து வைக்கவா, வேண்டாமா?" என்றார். நான் எந்தப் பக்கம் தலையை ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரத்தில் மகனுக்கு இருமல் பிடித்தது. முதல் நாள் தொண்டை என்றான். இரண்டாம் நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினான். நான் கீழே நின்று படிகளை எண்ணினேன். அம்மனுக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிட்டு வெளிநாட்டில் பொம்மை பார்க்கப் போகிறேன், அதற்குத்தான் இது என்று மனம் சொன்னது. மருமகள் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். சாதாரணக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு அவனிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "நீங்க ரெண்டு பேரும் மட்டும் போயிட்டு வாங்களேம்ப்பா."

"நீ வராட்டா யாரும் போவல" என்றான். அதோடு பேச்சு நின்றது.

நான் போகவில்லை என்றால் மருமகளின் சிவப்புக் கட்டங்கள் அத்தனையும் போய்விடும். போனால் என் வாக்கு போய்விடும், இந்தத் தடவை தெரிந்தே. கீரை ஆய்வேன், நல்லதையும் சேர்த்துக் குப்பையில் போடுவேன். மருமகள் இரண்டு தடவை எடுத்து வைத்தாள்.

பிறகு விசாத் தாள்கள் தயாராகின. அடுத்த வாரம் சென்னையில் கைரேகை வைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, மேசையில் மூன்று கட்டுத் தாள் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். என் தாளில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்கன தமிழ்லயே போடுங்க அத்தை" என்றாள்.

பேனாவை வாங்கினேன். என் பேரின் முதல் எழுத்துகூட வரவில்லை.

"என்னம்மா, பேனா எழுதலியா?" என்றான் மகன்.

"நான் வரல."

"எங்க வரல?"

"பாரீஸுக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மகன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான். "பிளேன்ல ஏறப் பயமா?"

பாழாய்ப்போன தலை ஆடிவிட்டது. ஆமாம் என்று.

அவன், "சரி. அப்ப வேண்டாம்" என்று லேப்டாப்பை மூடினான். மருமகள் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். அடுக்களைக்குப் போய், ஏற்கனவே கழுவிக் கவிழ்த்திருந்த தம்ளர்களை மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே போய் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரத்தடியிலிருந்து அண்ணாச்சி கடை வரை. என் வாழ்நாளில் யாரிடமும் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை. "நாலு வருஷமாவா வச்சிருக்கீங்க? அவங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த அந்த ஞாயித்துக்கிழமையே நாங்க சர்ச்சுல நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு முடிச்சிட்டோம் அத்தை."

"எனக்குக் கூச்சம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் வேதக்காரி, சிரிப்பேன்னா?"

தலை ஆடியது. ஆமாம் என்று. அது மட்டும் உண்மை.

இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது. என்னென்னவோ சொல்லப்போகிறாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். "என்ன வேஷம்?" என்று கேட்டாள்.

"கரடி."

கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத்தை இருந்து வேஷம் போடட்டும், நாம ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்" என்று அவளே மகனிடம் சொன்னாள். அவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்காக நீ தெருவுல கையேந்தணுமா? ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?"

"ஏன், போன தசராவுக்கு உங்க மேனேஜர் குறத்தி வேஷத்துல வந்து வாசல்ல நின்னாரே" என்றாள் மருமகள். "நீங்கதான எந்திரிச்சு நின்னு சார்னு சொல்லிக் காசு போட்டீங்க?"

"அவரு வேற. இது எங்கம்மா."

"நாங்க போற வரைக்கும் நான் பார்த்துக்கிடுதேன். போன பிறகு எங்கம்மா இங்கன வந்து அத்தைகூட இருக்கட்டும். நான் பேசுதேன்."

"கரடிக்குக் காவலுக்கு நாசரேத்துல இருந்து ஆளா?" என்றான். சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். இரண்டு நாள் கழித்து என் கட்டுத் தாளை மேசையிலிருந்து அவனே எடுத்தான். மூன்று பேருக்கான ஓட்டல் அறையை இரண்டு பேருக்கு மாற்றச் சொன்னான். என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை. விசா வந்தது. பரணிலிருந்து பெட்டிகள் இறங்கின. நான் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் சோறு பரிமாறினேன். இவ்வளவுக்குப் பிறகும் தர்மம் எடுக்கிற அன்று வாசலில் என் கால் நகராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

கொடியேறியது. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். மறுநாள் காலையில் அண்ணாச்சி கடையின் பின்கட்டில் எனக்குக் கரடி உடுப்பை மாட்டிவிட்டார்கள். சணல் நாற்றமும் யாருடையதோ பழைய வேர்வையும் மூக்கில் ஏறியது. கரடியின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். மொத்தத் தெருவும் ஒரு கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

"மொதத் தர்மம் சொந்த வீட்டுலதான் வாங்கணும் எக்கா" என்று கையில் தட்டைக் கொடுத்தார் அண்ணாச்சி. "சத்தமாக் கேக்கணும்."

மேளம் எங்கள் வீட்டுக்கு நாலு எட்டு முன்னால் நின்றது. மகன் அன்று விடியற்காலையிலேயே துறைமுகம் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். அவன் பைக் வாசலிலேயே நின்றது. கதவு திறந்திருந்தது. கூடத்தில் பெட்டி ஒன்று பாதி அடுக்கிய நிலையில் வாயைப் பிளந்து கிடந்தது. நாற்பது வருடமாகக் கோலம் போடுகிற வாசல். தர்மம் போடுங்க தாயே என்று கேட்கவேண்டும். வாயைத் திறந்தேன். மூச்சு மட்டும்தான் வந்தது. மேளக்காரர் ஒரு தடவை நிறுத்தி மறுபடி அடித்தார். ஓடிவிடலாம் என்று நினைத்தேன், சத்தியமாக.

மருமகள் வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய சேலை. தட்டில் காசைப் போட்டுவிட்டு, என் நார்க்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரடியின் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"பேசாதீங்க அத்தை. பேசக் கூடாது. சட்டம்."

பிறகு, தெருவே பார்க்க, என்னைக் கட்டிப்பிடித்தாள். பிடரியில் ஒட்டியிருந்த சணல் தூசி அவளைத் தும்ம வைத்தது. மேளக்காரர் சிரித்தார்.

அவளுக்குப் பின்னால் மகன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. படி இறங்கி வந்தான். சட்டைப் பையில் கைவிட்டான். எதையோ எடுத்து, என்னைப் பார்க்காமல், கோயிலில் போடுகிற மாதிரி இரண்டு கையாலும் தட்டில் வைத்தான். ஒரு தடவை இருமினான். வெறும் இருமல்தான்.

அதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்துவிட்டது. இன்னும் ஆறு வீடு இருந்தது.