மிஸ்ஸி ஒரு கார் வாங்குகிறார்

காரில் ஏறுவதற்கு முன் லோகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிடுகிறார். ஷோரூமின் பளபளப்பான தரையில் அந்தக் கறுப்புச் செருப்புகள், கோயில் வாசலில் விட்டவைபோல ஜோடியாகக் கிடக்கின்றன. உள்ளே உட்கார்ந்ததும் பொத்தானை அழுத்தி இருக்கையை முன்னே நகர்த்துகிறார், கொஞ்சம் உயர்த்துகிறார், முதுகுப் பக்கத்தைச் சாய்த்து மறுபடி நிமிர்த்துகிறார். கைப்பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து ஸ்டியரிங்கை ஒரு சுற்று துடைக்கிறார். எல்லாம் முடிந்தபிறகுதான், “ம், கம்ஃபர்டபிள்” என்கிறார். காரைச் சொல்கிறாரா தன்னைச் சொல்கிறாரா என்று தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் மருத்துவமனைக் கட்டில்களை ஏற்றி இறக்கிய கைகள் அவை.

விற்பனைப் பெண் ஜானிஸ் பொறுமையாகப் பக்கத்தில் நிற்கிறாள். லோகேஸ்வரி பார்த்துவைத்திருப்பது ஒரே கார்தான். ஜப்பான்காரர்கள் செய்தது, தரையோடு பதுங்கி, இப்போதே பாய்ந்துவிடுவேன் என்பதுபோல நிற்கும் சொகுசுக் கார். ஆனால் அது இரண்டு வகையில் வருகிறது. ஒன்று வெறும் பெட்ரோலில் ஓடுவது. மற்றது பெட்ரோலும் மின்சாரமும் மாறி மாறி இழுக்கும் ஹைப்ரிட். பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எழுத்தைத் தவிர வெளியே வித்தியாசம் எதுவும் இல்லை. இரண்டில் எது என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமலே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், என் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி அவர் வீடு. தாதியரை மிஸ்ஸி என்று கூப்பிடும் பழைய வழக்கப்படி எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த தாதியாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிஃப்டில் யாரோடு ஏறினாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கணுக்காலைத்தான் பார்ப்பார். “அங்கிள், காலு வீங்கியிருக்கு, உப்பக் கொறைங்க” என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் குட் மார்னிங். சீருடையில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் சின்னக் கடிகாரம் இப்போது கைப்பையில் தொங்குகிறது. எதைப் பற்றிக் கேட்டாலும் எங்கள் ஊர் ‘லா’வோடு அவர் பதில் ஒன்றுதான்: “ஸ்டேபிள் லா.” வீட்டுக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்றா என்றால் ஸ்டேபிள். அரசாங்கம் எப்படி என்றாலும் ஸ்டேபிள்.

ஒன்றுமட்டும் அவரை விடவில்லை. பாசாரில் மீன்காரரின் மின்தராசு ‘பீப்’ என்றால் சட்டென்று திரும்புவார். பேரங்காடிக் கவுண்டரில் வரிசையில் நிற்கும்போது, பொருள் ஒவ்வொன்றுக்கும் எழும் ‘பீப்’ அவர் கழுத்தை லேசாக இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐ.சி.யு. மிஷின்களோடு முப்பது வருஷம் இருந்தால் அப்படித்தான், வீட்டில் யாரும் இல்லாதபோதும் காதுக்குள் அடிக்கும் என்று ஒருமுறை வேறு எதையோ பேசுவதுபோலச் சொன்னார்.

அவரிடம் முன்பு இருந்தது உள்நாட்டில் செய்த சின்ன கார். வேலைக்குப் போவதைத் தவிர அதில் அவர் தனியாகப் போய் யாரும் பார்த்ததில்லை. கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கும் அண்ணன் கார்த்திகேசுவின் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றிப் போனார். சொந்தக்காரர்களை விமான நிலையத்துக்கும், தைப்பூசத்தில் பத்துமலைக்கும், பேறுகாலத்தில் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றிப் போனார். மாப்பிள்ளை அழைப்புக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டு அந்தக் கார் ஊர்வலமும் போயிருக்கிறது. கடைசியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கியர்பாக்ஸ் உடைந்து நின்றது. இழுவை லோரி வரும்வரை ஓரத்தில் குடை பிடித்து நின்றவர், வீட்டுக்கு வந்ததும் என்னிடம், அடுத்தது எந்தக் கார் என்று முடிவாகிவிட்டது என்றார்.

மருத்துவமனைக் கார் நிறுத்தத்தில் பல வருஷம் அவருடைய காருக்குப் பக்கத்து இடத்தில் இந்த வகைக் கார்தான் நின்றதாம். அதற்காகவா இவ்வளவு பெரிய கார் என்று கேட்டேன். “அழகா இருக்கு தம்பி. வேற காரணம் வேணுமா?” என்றார்.

ஷோரூமுக்கு என்னையும் அழைத்துப்போனது துணைக்காக அல்ல. முதல் தடவை வேறு ஒரு விற்பனையாளர் அவரிடம், “சார் எப்ப வருவாரு ஆன்டி?” என்று கேட்டாராம். அடுத்த தடவை ஒரு சாரைக் கையோடு கொண்டுபோய்விட்டார். “பின்னால உக்காந்துக்குங்க. வாயே தெறக்காதீங்க” என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. நல்லவேளையாக அன்றைக்கு ஜானிஸ் வந்தாள். அவள் கேள்விகளை லோகேஸ்வரியிடம்தான் கேட்டாள்.

முதலில் பெட்ரோல் காரை ஓட்டினோம். ஷா ஆலம் பக்கம் நேரான சாலை வந்ததும் ஜானிஸ், கொஞ்சம் அழுத்திப் பாருங்கள் என்றாள். அழுத்தினார். எஞ்சின் உறுமியது. என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. லோகேஸ்வரி சிரித்தார். பல வருஷப் பழக்கத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. “உயிரோட இருக்கு லா இந்த வண்டி” என்றார்.

அடுத்தது ஹைப்ரிட். புறப்பட்டபோதெல்லாம் சரியாக இருந்தது. முதல் சிவப்பு விளக்கில் நின்றோம், எஞ்சின் அடங்கிவிட்டது. சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. லோகேஸ்வரியின் கை பாய்ந்து அபாய விளக்கை அழுத்தியது. அவர் முகத்தில் இருந்தது ஒரு காரோட்டியின் பயம் அல்ல. வார்டில் ஒரு மிஷின் திடீரென்று அமைதியானால் ஓடும் ஆளின் முகம் அது. ஜானிஸ், இந்தக் கார் நிற்கும்போது எஞ்சினை நிறுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் தானே எழுந்துகொள்ளும், அதன் சுபாவமே அதுதான் என்று விளக்கினாள். லோகேஸ்வரி தலையை ஆட்டினார். ஆனால் திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு விளக்கிலும் அவர் தோள் இறுகுவது பின்னிருக்கையிலிருந்து தெரிந்தது. பெட்ரோலே போதும்போல இருக்கிறது என்று அன்று சொன்னார். கையெழுத்துமட்டும் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். கார்த்திகேசு போர்ட் கிள்ளானுக்குச் சரக்கு ஏற்றும் லோரிகள் வைத்திருப்பவர். எஞ்சினைக் காதால் கேட்டே குறை சொல்லக்கூடியவர். ஏழு பேர் உட்காரும் எம்பிவி வாங்கச் சொன்னார். தங்கை மசியவில்லை. அப்படியானால் பெட்ரோலாவது வாங்கு, அந்த பேட்டரி வண்டியை நம்பாதே என்றார். அதற்கும் பிடிகொடுக்காமல் தங்கை தேநீரை ஆற்றிக்கொண்டிருக்க, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“புள்ளையா குட்டியா? தனியாளு, ஒனக்கு எதுக்கு இந்தக் காரு?”

லோகேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்: “இத்தன வருசம் எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போனேண்ணே. இதுல நான் போயிக்கிறேன்.”

அண்ணன் எழுந்து லோரியைப் பார்க்கப் போய்விட்டார். இதை மறுநாள் லிஃப்டில் என்னிடம் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. மாறியது காலைப் பசியாறல்தான். தினமும் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டு மேருவிலிருந்து ஓர் அழைப்பு வரும், அது நின்றுபோனது. கீழ்க்கடையில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியை முகம் மேலாக வைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவதை அந்த வாரங்களில் பார்த்தேன். அண்ணி புனிதா மட்டும் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் கோலம் போட்ட காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் லோகேஸ்வரி ஸ்டேபிள் என்றுதான் சொன்னார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் கைப்பேசியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஒருநாள், ஹைப்ரிட்டை இன்னொரு தடவை ஓட்ட வேண்டும், நெரிசல் நேரத்தில் ஓட்ட வேண்டும் என்று ஜானிஸிடம் கேட்டார். நல்ல சாலையில் எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும் என்பது அவர் கட்சி. வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் மாலை. பங்சார் சாலையில் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கார்கள் அப்படியே நின்றுவிட்டன. எங்கள் எஞ்சினும் அடங்கியது.

இந்தத் தடவை அவர் எதையும் தொடவில்லை. மழை கூரையில் விழும் சத்தம் கேட்டது. துடைப்பான் போய் வந்தது. பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு திட்டியது, கண்ணாடிக்கு வெளியே வாயசைவாக மட்டும் தெரிந்தது. ஜானிஸ் எதையோ விளக்க ஆரம்பித்தாள். லோகேஸ்வரி கையை லேசாக உயர்த்த, நிறுத்திக்கொண்டாள். கார்கள் ஓர் அடி நகர்ந்தன. நாங்களும் சத்தமில்லாமல் ஓர் அடி நகர்ந்தோம். அவர் தோள்கள் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. கோலாலம்பூர் நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒருவர், வழி கிடைத்ததும் கொஞ்சம் ஏமாந்ததுபோல முகம் காட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

ஷோரூமில் வண்டியை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. பின்னால் இருந்த என்னைக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்:

“வார்டுல சத்தம் நின்னா யாரோ போயிட்டாங்கன்னு அர்த்தம் தம்பி. இங்க நின்னுச்சு. யாரும் போகல.”

பிறகு ஜானிஸ் பக்கம் திரும்பி, “இதுவே இருக்கட்டும்மா” என்றார்.

நிறத்தைக் கேட்டபோது, வெள்ளை வாங்கினால் பிறகு விற்பது சுலபம் என்று ஜானிஸ் எடுத்துச் சொன்னாள். “வெள்ளையத்தான் முப்பத்திரண்டு வருசம் போட்டாச்சே” என்று சிவப்பைத் தொட்டுக் காட்டினார்.

கார் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. கிள்ளானில் அவர்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் அம்மன் கோயிலில் பூசை. அண்ணிக்கு மட்டும் நேரத்தை எழுதி அனுப்பியிருந்தார். அண்ணனை வரச்சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் மதில் ஓரத்தில் கார்த்திகேசு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் நான்கு எலுமிச்சம்பழம். பக்கத்தில் புனிதா அக்கா. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குருக்கள் பழத்தைக் கேட்டார். கார்த்திகேசு கொடுக்கவில்லை. தானே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஒவ்வொரு டயருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். அவர் லோரிகள் எல்லாமே முதல்முதலில் அவர் வைத்த பழத்தின் மேல்தான் ஏறிப் புறப்பட்டனவாம்.

குருக்கள் தீபம் காட்டி முடித்து, எஞ்சினைத் தொடங்கச் சொன்னார். லோகேஸ்வரி உள்ளே தலையை ஆட்டினார். குருக்கள் காத்திருந்தார். மறுபடி சொன்னார்.

“ஸ்டார்ட் பண்ணுங்கம்மா.”

“ஸ்டார்ட்லதான் இருக்கு சாமி.”

குருக்கள் குனிந்து காரின் முகப்பைப் பார்த்தார். பிறகு கார்த்திகேசுவைப் பார்த்தார். கார்த்திகேசு முன்மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதற்குள் கார் நகர்ந்தது. சத்தமே இல்லாமல், மஞ்சளும் குங்குமமும் அப்பிய அந்தச் சிவப்பு முகம் முன்னால் வந்தது. அந்த அமைதியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கும் ‘பச்சக்’ மட்டும் தெளிவாகக் கேட்டது. குருக்களுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் புனிதா அக்கா, அப்புறம் எல்லாரும். கார்த்திகேசு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கையிலிருந்த பிளாஸ்டிக் பையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“எங்க, வீடு வரைக்கும் போ பாப்போம்” என்று கதவைத் திறந்து முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

நானும் புனிதா அக்காவும் பின்னால். மேருவுக்குப் போகும் சாலையில் கொள்கலன் லோரிகள் இருபக்கமும் இரைந்துகொண்டு போயின. முதல் விளக்கு வரைக்கும் கார்த்திகேசு கால் வைக்கும் இடம் தாராளமில்லை என்றார், கூரை தாழ்வு என்றார், சாமான் வைக்கும் இடத்தை பேட்டரி தின்றுவிட்டது என்றார். தங்கை எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் குறைகள் நின்றுபோயின. எட்டிப் பார்த்தேன். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தார்.

புனிதா அக்கா முன்னிருக்கைகளுக்கு நடுவே குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: “நேத்து முழுக்கப் பொலம்பிக்கிட்டே இருந்தாரு லோகேஸ். கோயிலுக்கு வந்தா நீ மூஞ்ச திருப்பிக்குவியோன்னு.”

லோகேஸ்வரி சாலையையே பார்த்து ஓட்டினார். அடுத்த சிவப்பு விளக்கில் கார் நின்று எஞ்சின் அடங்கியது. அவர் இடது கையை நீட்டி, அண்ணன் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்த ஏசி காற்றை ஒரு விரலால் மெல்ல வேறு பக்கம் திருப்பிவிட்டார்.